மில்லர் சோதனையை எடுத்துவிட வேண்டாம்

வணக்கம் அக்கா. தொடக்கக்கல்லூரியில் பூமியில் உயிர் தோன்றியது பற்றித் தமிழில் படைக்கப்போகும் உங்கள் மகனிடம், மில்லர் சோதனை பொய்யாகிவிட்டது என்று நண்பன் சொன்னானாம். சரியில்லை. 1953இல் வேதியியலாளர் ஸ்டான்லி மில்லர், பூமியின் ஆதிக் காற்றைப் போல அமைத்த மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவிக் கலவையில் மின்பொறி பாய்ச்சினார். புரதங்களின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்கள் கிடைத்தன. உயிர் கிடைக்கவில்லை, இதை மகன் தெளிவாகச் சொல்லட்டும். ஆனால் அந்த ஆதிக் காற்றில் கரியமில வாயுவும் நைட்ரஜனுமே மிகுதி என்று பின்னர் பலர் கருதினார்கள். நண்பன் கேள்விப்பட்டது அதுவாக இருக்கலாம். இருந்தாலும், மில்லர் சோதனை மாதிரிகளை வைத்திருந்த பழைய குப்பிகளை மறுபடி ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட முடிவைப் பாருங்கள்: எரிமலைச் சூழலை ஒத்த சோதனையில் மட்டும் 22 அமினோ அமிலங்கள்! எனக்கு இதுதான் மகனின் படைப்பின் உச்சம். அப்புறம், உயிர் முதலில் ஆர்என்ஏ என்ற மூலக்கூற்றில் தொடங்கியிருக்கலாம் என்னும் ஆர்என்ஏ உலகக் கருதுகோளைக் கேள்வி நேரத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். ஆர்என்ஏ மரபுத் தகவலையும் சுமக்கும், வேதிவினையையும் ஊக்கும். அந்த ஒரு வரி போதும்.