கடிக்கும் குழந்தையும் பொம்மை விளையாட்டும்

கேள்வி: என் மகனுக்கு இரண்டே கால் வயது. கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் புரண்டு அழுகிறான். ஐந்து வயது அக்காவைக் கடித்தும் வைக்கிறான். செல்போனைக் கொடுத்தால்தான் அடங்குகிறான். ‘இரண்டு அடி போட்டால் சரியாகிவிடும்’ என்கிறார் என் கணவர். கோபம், பயம் பற்றியெல்லாம் விளையாட்டிலேயே புரியவைக்கலாம் என்கிறார்களே, இந்த வயதில் அது முடியுமா டாக்டர்?
- வாசகி, கரூர்

பதில்: முடியும். இந்த வயதுக்கு அதைவிட நல்ல வழியும் கிடையாது.

ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயதுவரை இப்படி அடம்பிடிப்பது சகஜம்தான். கோபம் அவனுக்கு முழுசாகவே வருகிறது. அதை அடக்கிப் பிடிக்கும் மூளையின் முன்பகுதி முழு வளர்ச்சி அடைய 20 வயதைத் தாண்டிவிடும். பேச்சும் இப்போதுதான் இரண்டு, மூன்று சொற்களாகச் சேர்கிறது. சொல்ல வாய் வராதபோது பல் முந்திக்கொள்கிறது. அடித்தால் பயத்தில் அழுகை நிற்கலாம். ஆனால், கோபம் வந்தால் கை ஓங்கலாம் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்வான். உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

புரண்டு அழும்போது எந்தப் பாடமும் ஏறாது. அடிபடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். ‘பிஸ்கட் கிடைக்கலன்னு கோபமா?’ என்ற ஒரு வரி போதும். அழுகிறானே என்று மட்டும் கேட்டதைக் கொடுத்துவிடாதீர்கள். கற்றுத்தருவதெல்லாம் அவன் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, தெளிவாக இருக்கும் நேரத்தில்தான்.

சொப்புச் சாமானைப் பரப்பி, ஒரு பொம்மையை நடுவில் உட்கார வையுங்கள். பொம்மையின் தோசையைக் கரடி பிடுங்கிக்கொண்டது, பொம்மை அழுகிறது. ‘அச்சச்சோ, பாப்பாவுக்கு என்ன ஆச்சு?’ என்று அவனிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் நீங்களே புருவத்தைச் சுருக்கி, ‘பாப்பாவுக்குக் கோபம்’ என்று காட்டுங்கள். பாப்பா கரடியைக் கடிக்கலாமா? வேண்டாம். ‘என்னோடது, குடு’ என்று கையை நீட்டட்டும். அவன் கரடியைப் போட்டுச் சாத்தினால் பதற வேண்டாம், திட்டவும் வேண்டாம். ‘கரடிக்கு வலிக்குது பார், தடவிக் குடுப்போமா?’ என்று கதையை நகர்த்துங்கள். அதே தோசைக் கதையை மறுபடியும் மறுபடியும் கேட்பான். சலிக்காமல் ஆடுங்கள், அப்படித்தான் மனதில் பதியும். அக்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடி வாங்கியவள் அவள். அவளுடைய வருத்தத்துக்கும் அந்த விளையாட்டில் இடம் வேண்டும்.

தலை சீவும்போது கண்ணாடி முன் சிரித்த முகம், பயந்த முகம் செய்து காட்டலாம். ‘நண்டூருது நரியூருது’ விளையாடிக் கிச்சுகிச்சு மூட்டும்போது அவன் ‘போதும்’ என்றால் அந்த நொடியே கையை எடுத்துவிடுங்கள். ‘நீ போதும்னு சொன்னதும் அம்மா நிறுத்தினேன்ல? அக்கா வேண்டாம்னா நீயும் நிறுத்தணும்’ என்று அப்புறம் சொல்வதற்கு அது உதவும்.

செல்போன் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். இரண்டு வயதில் எல்லாத் திரைகளும் சேர்த்து நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். அழுகையை நிறுத்தப் போன் கொடுப்பதை முதலில் விடுங்கள். தொடக்கத்தில் சில நாள் அழுகை கூடத்தான் செய்யும். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நின்றால் குறையும்.

இவ்வளவும் சொன்னாலும் சிலவற்றை விளையாட்டோடு விட்டுவிடக்கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுவதில்லை, இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதில்லை, பொம்மைக்குச் சோறூட்டுவது போன்ற பாவனை விளையாட்டே இல்லை என்றால் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்களில் இதற்கான பரிசோதனை இலவசம். தலையைத் தரையில் மோதிக் காயப்படுத்திக்கொண்டாலும், அழுகை அடிக்கடி அரை மணி நேரத்துக்கு மேல் நீண்டாலும் காட்டியாக வேண்டும். அழுதழுது மூச்சை அடக்கி உதடு நீலமாகிறது என்றால் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் மருந்து கொடுத்துச் சரிசெய்யலாம்.