வாசகர் கேள்வி – பதில்: வெள்ளியில் பதிந்த படங்கள்

தருமபுரி ஸ்டுடியோவில் 1962இல் எடுத்த தாத்தா, பாட்டியின் கருப்பு வெள்ளைப் படம் எங்கள் வீட்டில் இன்றும் தெளிவாக இருக்கிறது. 1983இல் எடுத்த எங்கள் கல்யாண ஆல்பத்தின் வண்ணப் படங்களோ சிவந்து மங்கிவிட்டன. இது ஏன்?
– வாசகி, பாலக்கோடு

தாத்தா, பாட்டியின் உருவம் அந்தத் தாளில் வெள்ளி உலோகமாக நிற்கிறது. புரோமைடு தாள் எனப்படும் கருப்பு வெள்ளைப் படத்தாளின் ஜெலட்டின் பூச்சில் கலந்திருக்கும் வெள்ளி உப்பு, நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழச்செய்யும் என்லார்ஜர் கருவியின் வெளிச்சம் பட்ட இடங்களில் மட்டும், டெவலப்பர் என்ற கரைசலில் கருத்த வெள்ளித் துகள்களாக மாறுகிறது. வெளிச்சம் படாத உப்பை ஹைப்போ என்ற மற்றொரு கரைசல் கரைத்து எடுத்துவிடுகிறது. வண்ணப் படத்திலோ வெள்ளி முழுவதையும் கடைசியில் நீக்கிவிடுவதால் சாயங்கள் மட்டுமே எஞ்சுகின்றன. அந்தக் காலத்து வண்ணத் தாள்கள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் இருந்தாலும் மெல்ல அழியக்கூடியது; ஆகவேதான் பீரோவுக்குள் பத்திரமாக இருந்த ஆல்பமும் சிவந்துபோனது.

கருப்பு வெள்ளையாக இருந்தால் மட்டும் போதாது. ஹைப்போ போகும் வரை கழுவாமல் அவசரமாக உலர்த்திய படம் காலப்போக்கில் பழுப்பேறிவிடும். உங்கள் வீட்டுப் படம் தெளிவாக இருக்கிறதென்றால், தண்ணீர் எளிதில் கிடைக்காத நம் மாவட்டத்தில் ஒருவர் அதைப் பொறுமையாகக் கழுவியிருக்கிறார் என்று பொருள். பெயர் தெரியாத அந்தத் தொழிலாளியை நன்றியோடு நினைக்க வேண்டும்.

என் தந்தை ஊத்தங்கரையில் ஸ்டுடியோ நடத்தி மூடியவர். டிஜிட்டல் கேமராதான் இருட்டறையை ஒழித்ததா?
– வாசகர், ஊத்தங்கரை

பிலிமையும் தாளையும் கழுவிப் படமாக்கும் இருட்டறையின் வருமானம் அதற்கு முன்பே குறையத் தொடங்கிவிட்டது. பிலிமைக் கலர் லேபுக்கு அனுப்பிப் பிரிண்ட் வாங்கிவரும் வழக்கம் பரவியபோதே கல்யாண வேலை கைவிட்டுப் போய்விட்டது. ஹால் டிக்கெட்டுக்கும் வேலை விண்ணப்பத்துக்கும் அவசரமாகக் கேட்கும் பாஸ்போர்ட் அளவுப் படங்கள்தாம் இருட்டறைக்கு மிஞ்சியிருந்தன; அவற்றைக் கணினியும் பிரிண்டரும் எடுத்துக்கொண்டன. ஊட்டியில் 1960இல் தொடங்கப்பட்டு, 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும் தாளும் தந்த அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1990களில் நலிவடைந்து பிறகு மூடப்பட்டது. வெளிநாட்டிலும் இதே நிலைதான். கோடாக் 2005இல் கருப்பு வெள்ளைத் தாள் தயாரிப்பைக் கைவிடுவதாக அறிவித்தது. அதே ஆண்டில் ஜெர்மனியின் பிலிம் நிறுவனமான அக்பாபோட்டோ திவாலானது. அதற்கு முந்தைய ஆண்டில் நொடித்துப்போன இங்கிலாந்தின் இல்போர்டு ஆலையை அங்கு வேலை செய்த மேலாளர்களே விலைக்கு வாங்கி நடத்தினார்கள். அந்த ஆலையும் செக் நாட்டின் போமா ஆலையும் தொடர்ந்து இயங்கியதால்தான் இன்றும் தாள் கிடைக்கிறது.

தாளைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். உங்கள் தந்தையைப் போன்றவர்களின் கைப்பழக்கத்தை அப்படி வாங்க முடியாது. வெளிச்சம் தாளில் விழும் சில நொடிகளுக்குள் நிழல் விழுந்த கன்னத்தைக் கையால் மறைத்துத் தெளிவாக்குவது, வெளுத்துப்போகும் வேட்டிக்குக் கூடுதல் வெளிச்சம் கொடுத்து மடிப்புகளை வரவழைப்பது, நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் டச்சிங் செய்து அம்மைத் தழும்பை மென்மையாக்குவது ஆகியவற்றை எந்தப் புத்தகமும் முழுமையாகக் கற்றுத்தர முடியாது. அவர் நலமாக இருக்கும்போதே அவர் சொல்வதைப் பதிவுசெய்யுங்கள். முடிந்தால் அருகில் நின்று செய்து பழகுங்கள்.

நான் கல்லூரி மாணவன். இப்போது வீட்டிலேயே இருட்டறை அமைக்க முடியுமா?
– வாசகர், ஓசூர்

முடியும். ஜன்னலை அடைத்த குளியலறையே போதும். பழைய என்லார்ஜர் ஒன்று, மூன்று தட்டுகள், சிவப்பு விளக்கு, வெப்பமானி ஆகியவை வேண்டும். கருப்பு வெள்ளைத் தாளில் சிவப்பு வெளிச்சம் பதிவதில்லை என்பதால், உருவம் எழுவதைக் கண்ணால் பார்த்தபடியே வேலை செய்யலாம்; பிலிமைக் கழுவும்போது மட்டும், வெளிச்சம் புகாத டேங்கில் ஏற்றி மூடும்வரை முழு இருட்டு கட்டாயம். தொடக்கத்தில் பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. தாளை வாங்குங்கள். அதை இரண்டு நிமிடம் ஓடும் நீரில் கழுவினால் போதும்; பழைய வகை ஃபைபர் தாளுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேண்டும்.

நம் பக்கத்தில் முதலில் கவனிக்க வேண்டியவை வெப்பமும் தண்ணீரும்தான். டெவலப்பர் 20 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஓசூரில் அது ஓரளவு எளிது. தருமபுரியின் சித்திரை வெயிலில் தட்டைப் பனிக்கட்டி போட்ட பெரிய தாம்பாளத்துக்குள் வைத்துத்தான் அந்த நிலையைக் காக்க முடியும். ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரில் டெவலப்பர் கலந்தால் சுண்ணாம்புப் படிவு மிதக்கலாம். உலர்ந்த நெகட்டிவில் வெள்ளைத் திட்டுகள் நிற்கும். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வீட்டுக்கு வந்தால் அதைப் பயன்படுத்துங்கள், நெகட்டிவின் கடைசி அலசலுக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கிறது. முன்பு அதற்காகவே ஸ்டுடியோக்களில் அதை விலைக்கு வாங்கிச் செல்வார்கள். இரும்பு நார் போட்டு வைத்தால் வெள்ளி படிந்து பிரியும். மீதியை ஆய்வகக் கழிவுகளோடு முறையாக அகற்றக் கல்லூரி வேதியியல் துறையின் உதவியைக் கேளுங்கள். நிலத்தடி நீரில் ஏற்கெனவே புளூரைடு மிகுந்த மாவட்டங்களில் வாழும் நாம், இதைக் கிணற்றோரத்திலோ சாக்கடையிலோ ஊற்றவே கூடாது.

மூடிய ஸ்டுடியோவின் நெகட்டிவ்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. என்ன செய்வது?
– வாசகர், பென்னாகரம்

வெள்ளிக்காகப் பழைய பொருள் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெட்டிகளில் உங்கள் வட்டாரத்தின் பல குடும்பங்களுடைய ஒரே படம் இருக்கலாம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு தமிழகத்துப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி டிஜிட்டல் வடிவமாக்கியிருக்கிறது. அவர்களுக்கு எழுதி ஆலோசனை கேட்கலாம். அதுவரை ஒவ்வொரு நெகட்டிவையும் ஓரத்தைப் பிடித்து எடுத்து, அமிலமற்ற காகித உறையில் இட்டு, ஈரமில்லாத அறையில் நிறுத்தி வையுங்கள். வினிகர் வாடை வரும் பிலிம்கள் சிதையத் தொடங்கியவை. அவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்து, முதலில் அவற்றையே ஸ்கேன் செய்யுங்கள்.