கண்ணில் தெறித்த சானிடைசர்

கேள்வி: கடை, வங்கி வாசல்களில் இருக்கும் சானிடைசரை நான்கு வயது மகனுக்கும் போட்டுவிடுகிறேன். மெத்தனால் கலந்திருந்தால் தோல் வழியாக இறங்கிப் பார்வையைப் பறித்துவிடும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. புற்றுநோயும் வருமாமே? கிருமிகளுக்கு எதிர்ப்புத் திறன் வந்துவிடாதா? கையும் வறண்டுபோகிறது. மூன்று நாள் முன்பு, காலால் மிதிக்கும் ஸ்டாண்டிலிருந்து அவன் கண்ணில் கொஞ்சம் தெறித்தது. வீட்டில் இருந்த சொட்டு மருந்தை விட்டோம். இப்போது பரவாயில்லை, வெளிச்சத்தில் மட்டும் கண்ணைச் சுருக்குகிறான்.

பதில்: கடைசி வரிக்கு முதலில் வருகிறேன். பையனை இன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். நாளைக்கு வேண்டாம்.

மூன்று நாள் கழித்தும் வெளிச்சம் கூசினால் கருவிழியின் மேல்தோல் இன்னும் ஆறவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். கண் லேசர் சிகிச்சையில் ஒரு முறை உண்டு: அந்த மேல்தோலைத் தளர்த்தி எடுக்க 20 சதவீத ஆல்கஹாலை அரை நிமிடம்போல வைப்பார்கள். அரை நிமிடத்தில் தோல் கழன்று வந்துவிடும். சானிடைசரில் இருப்பது 60 முதல் 80 சதவீதம். ஜெல்லாக இருந்தால் எளிதில் வழிந்து போகாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். மிதி ஸ்டாண்டின் குழாய் பெரியவர்களுக்கு இடுப்பு உயரம், சிறு பிள்ளைக்குச் சரியாகக் கண் உயரம். பிரான்ஸ் நச்சு மையங்களின் பதிவுகளில், குழந்தைகள் தொடர்பான சானிடைசர் சம்பவங்களில் கண்ணில் பட்டவற்றின் பங்கு 2020இல் முந்தைய ஆண்டைப்போல ஏழு மடங்கானது. பொது இடங்களில் இந்த ஸ்டாண்டுகள் வந்த ஆண்டு அது.

தெறித்த உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான். குழாயடிக்குக் கொண்டுபோய், இமையை விரித்துப் பிடித்து, 15 நிமிடம் தண்ணீர் விட வேண்டும். பிள்ளை கத்தும், கத்தட்டும். அதன் பிறகும் கண்ணைத் திறக்க மறுத்தாலோ வெளிச்சம் கூசினாலோ அன்றே மருத்துவர். வீட்டில் கிடந்த சொட்டு மருந்தை யார் விடச் சொன்னது? அதில் ஸ்டீராய்டு இருந்திருந்தால் சிவப்பு மறைந்துவிடும், நீங்களும் 'பரவாயில்லை' என்று எழுதுவீர்கள். உள்ளே புண் ஆறுவது தாமதமாகும், கிருமி குடியேற வழி கிடைக்கும்.

இனி உங்கள் தூக்கத்தைக் கெடுத்த மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால். அது பார்வையைப் பறிக்கும் என்பது உண்மை. உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். தோல் வழியாகவும் கொஞ்சம் இறங்கும், ஆனால் சானிடைசரில் பெரிய ஆபத்து அது வயிற்றுக்குள் போவதுதான். அமெரிக்காவில் 2020 மே, ஜூன் மாதங்களில் அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்களில் சானிடைசரால் மெத்தனால் விஷமேறி 15 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், நால்வர் இறந்தார்கள். அத்தனை பேரும் அதைக் குடித்தவர்கள். உள்ளங்கையில் தேய்த்துக் காயவிடும் அளவுக்கு அந்தக் கதி வராது. காய்ந்த கையைப் பையன் சப்பினாலும் பயமில்லை. ஒரு மடக்கு குடித்துவிட்டால் மட்டும், நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மெத்தனாலின் வேலை தெரிய ஒரு நாள்கூட ஆகலாம். சானிடைசரில் வழக்கமாக இருக்கும் ஆல்கஹாலான எத்தனால் சுத்தமாக இருந்தாலுமே சிறு குழந்தைக்குச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும்.

மோந்து பார்த்து மெத்தனாலைக் கண்டுபிடிக்கும் வித்தை எதையாவது படித்திருந்தால் மறந்துவிடுங்கள், மூக்குக்கு அது தெரியாது. பொது இடத்துப் பாட்டில்களில் நான் சந்தேகப்படுவது வேறொன்றை: தண்ணீர் கலந்ததா, பழைய பாட்டிலிலேயே மேலே மேலே ஊற்றியதா என்று. 60 சதவீதத்துக்குக் கீழே போனால் கிருமி சரியாகச் சாகாது. அழுக்கும் பிசுக்கும் படிந்த கைக்கு நல்ல சானிடைசரும் உதவாது. வாந்தி பேதி தரும் நோரோ வைரஸும் அதற்கு எளிதில் மசியாது. சோப்பு எட்டும் தூரத்தில் இருந்தால் சோப்புதான்.

புற்றுநோய்ப் பேச்சை விடுங்கள், ஆல்கஹாலைக் கையில் தேய்ப்பதால் அது வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மருத்துவமனையில் நாங்கள் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை தேய்க்கிறோம். ஆல்கஹால் கிருமியின் உறையையே கரைத்துவிடுகிறது, ஆன்டிபயாடிக் கதையை இங்கே பொருத்தாதீர்கள். வறட்சிக்கு ஏதாவது ஒரு கிரீம் போதும்.

அடுத்த முறை மிதிப்பது நீங்களாக இருங்கள். உங்கள் உள்ளங்கையில் வாங்கி அவன் கையில் தேய்த்துவிடுங்கள். இன்று மருத்துவரிடம் போகும்போது அந்தச் சொட்டு மருந்துப் பாட்டிலையும் எடுத்துப் போங்கள். திறந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று அவர் கேட்பார்.