கரிய வாளுக்கு எத்தனை ப்ளஸ்?

அன்புள்ள சார்,

நண்பர்கள் சிலர் ஞாயிறுதோறும் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். நான்தான் டன்ஜன் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துபவன். ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் மூர்காக்கின் எல்ரிக் கதைகளில் வரும் ஸ்டார்ம்பிரிங்கர் வாளை எங்கள் ஆட்டத்துக்குள் கொண்டுவர ஆசை. வெட்டுப்பட்டவனின் ஆன்மாவைக் குடித்து, ஏந்தியவனுக்கு வலு தரும் கரிய வாள். வெட்டும்போது பகடையோடு கூட்டிக்கொள்ளும் எண்ணாக அதற்கு ப்ளஸ் மூன்று போடலாமா, ஐந்தா? ஒரு வெட்டுக்கு எத்தனை பகடை? வாள் ரொம்ப வலுவாகிவிட்டால் மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்களே, எப்படிச் சமன் செய்வது? எல்ரிக் கதைகளை எதிலிருந்து தொடங்குவது? கடைசியாக ஒன்று. முப்பது வயதுக்கு மேல் இதெல்லாம் சிறுபிள்ளைத்தனம் என்கிறார் என் அண்ணன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கே.

அன்புள்ள கே.,

அண்ணனை விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் என்ன செய்கிறார் என்று கேட்டுப் பாருங்கள், போதும். 1961-ல் வந்த முதல் கதையான ‘த ட்ரீமிங் சிட்டி’யில் தொடங்குங்கள். முன்கதையெல்லாம் பின்னால் எழுதியது, அதை அப்புறம் படிக்கலாம்.

வீடு மாற்றும்போது கதாபாத்திரங்களின் விவரம் குறித்துவைத்த பழைய கேரக்டர் ஷீட் கட்டு ஒன்று கைக்கு வந்தது. அதிலிருந்து இந்த வாள்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. சரியாக அந்த நேரத்தில் உங்கள் கடிதம். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது எண்ணிக்கை. அதற்கு என்னிடம் வர வேண்டியதே இல்லை. 1979-லேயே லாரன்ஸ் ஷிக் இந்த ஆட்டத்துக்கான ‘ஒயிட் ப்ளூம் மவுன்டன்’ சாகசத்தில் பிளாக்ரேஸர் என்ற பெயரில் இதே வாளை வைத்துவிட்டார். வேலை கேட்டு அனுப்பிய மாதிரிக்காக எழுதியது அது. இன்னொருவர் வாளை அப்படியே எடுத்துப் போட்டதில் தனக்கே கூச்சம் என்று பின்னாளில் சொன்னார். ஆட்டத்தின் 2014 விதிப்புத்தகத்திலும் அது இருக்கிறது. ப்ளஸ் மூன்று. யாரையாவது வீழ்த்தினால் அவருடைய முழு ஹிட் பாயின்ட் (அதாவது உயிர்ப்புள்ளி) அளவுக்கு உங்களுக்குத் தற்காலிக ஹிட் பாயின்ட். மூன்று நாள் ஆன்மா கிடைக்காவிட்டால் வாள் முரண்டு பிடிக்கும். செத்தும் நடமாடுபவற்றை வெட்டினால் அவற்றுக்கு உயிர் ஏறும், உங்களுக்கு அடி விழும். நல்ல விதிகள்தான். அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

சமன் செய்வதா? 1981-ல் கேயாசியம் நிறுவனம் இந்த வாளின் பெயரிலேயே ஒரு தனி ஆட்டம் போட்டது. கென் செயின்ட் ஆண்ட்ரேயும் ஸ்டீவ் பெரினும் எழுதியது. பகடை விழுகிறபடி ஒருவன் எல்ரிக்கின் இனமான மெல்னிபோனிய மந்திரவாதியாவான், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் பிச்சைக்காரனாவான். அப்படியும் ஆடினார்கள். உங்கள் நண்பர்கள் கோபித்தால் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

என் கோபம் வேறு இடத்தில். நீங்கள் கதையின் சுருக்கத்தைப் படித்துவிட்டு வாளைக் கேட்கிறீர்கள். எல்ரிக் யார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி உண்டா? பிறவியிலேயே வெளிறிய, நோஞ்சான் அரசன். மூலிகை மருந்து இல்லாவிட்டால் எழுந்து நிற்க முடியாதவன். அந்த முதல் கதையின் முடிவுக்குப் போய்ப் பாருங்கள். அவன் காதலித்த சைமோரில் அதே வாளில் சொருகப்பட்டுச் செத்துப்போயிருக்கிறாள். சண்டையில் அவளை வாள்மேல் தள்ளியவன் அவளுடைய அண்ணன் யிர்கூன். ஆன்மாவைக் குடித்தது எல்ரிக்கின் வாள். அவன் அதைக் கடலில் வீசுகிறான். அது மூழ்கவில்லை. நீரில் முனை குத்தி, நடுங்கியபடி நின்று ஓலமிடுகிறது. அவன் உடம்பில் தெம்பு வடிகிறது. குதித்து, நீந்திப் போய், அதையே பிடித்துக்கொள்கிறான். இந்த இடத்தை எந்த ப்ளஸ்ஸில் எழுதுவீர்கள்?

ஆகவே வாளுக்கு முன்னால் ஆளை எழுதுங்கள். ஏந்தப்போகிறவனின் வலுவை முதலில் குறைத்துவிடுங்கள். வாள் கையில் இல்லாத ஒவ்வொரு விடியலிலும் ஒரு படி சோர்வு ஏறட்டும். 2014 விதிப்படி ஆறாவது படியில் ஆள் காலி. அப்போது அவனே நீந்திப் போவான், நீங்கள் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன், சலித்துக்கொள்ளாதீர்கள். விலையை ஹிட் பாயின்டில் வாங்காதீர்கள். பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் எங்கள் ஆட்டத்தில் ஒரு நண்பனுக்கு பிளாக்ரேஸர் கிடைத்தது. வாரக்கணக்கில் மனிதன், பூதம் என்று பார்க்காமல் வெட்டித் தள்ளினான். ஏடிஎம்மில் பணம் எடுப்பதுபோல எடுத்துக்கொண்டே இருந்தான், எங்கள் யாருக்கும் ஒரு சலனமும் இல்லை. குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், எங்களிடம் பிடிபட்ட காப்ளின் என்ற குட்டிப் பூத இனத்துப் பையன் ஒருவனுக்குப் பெயர் வைத்திருந்தாள். கயிற்றில் கட்டி இழுத்துவந்த பயல். தன் ரொட்டியில் பாதி அவனுக்கு என்று ஒவ்வொரு இரவும் ஷீட்டில் குறித்துக்கொள்வாள். ஒரு சண்டைக்கு முன்னால் நண்பனுக்கு ஹிட் பாயின்ட் குறைவாக இருந்தது. “காப்ளினை வெட்டுகிறேன்” என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். பிறகு ரப்பரால் அழித்துப் புது எண்ணை எழுதினான். ஏழு. அவள் ஒன்றும் பேசவில்லை. ரொட்டிக் கணக்கின்மேல் ஒரு கோடு போட்டாள். அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை.

அத்தனை மாதத்தில் அந்த வாள் நிஜமான ஸ்டார்ம்பிரிங்கராக இருந்தது அந்த ஒரு நிமிடம்தான். அதற்கு விதியில் இடமே இல்லை. விதிக்கு காப்ளின் என்றால் ஏழு ஹிட் பாயின்ட். நாவலில் எல்ரிக்கோடு வந்தவர்கள்தான் விலை. உலகம் முடிகிற கட்டத்தில் ஊழ்க்கொம்பை மூன்றாம் முறை ஊத எல்ரிக்கிடம் வலு இல்லை. அந்த வலுவுக்காக மூன்கிளமின் ஆன்மா வாளுக்குப் போகிறது. எல்ரிக்குக்கு மிஞ்சியிருந்த ஒரே தோழன் அவன். எதிரியின் ஆன்மா எத்தனை குடித்தாலும் வாசகனுக்கு ஒன்றுமில்லை. மூன்கிளம் போகும்போதுதான் புத்தகத்தை மூடிவைக்கிறோம்.

அதற்காக உங்கள் நண்பர்களின் கதாபாத்திரங்களைக் கேட்காமல் கொன்றுவிடாதீர்கள். நாவலில் மூன்கிளம் திரும்ப வந்து உங்களோடு டீ குடிக்கப்போவதில்லை. உங்கள் ஆட்டக்காரர்களுக்கு அடுத்த ஞாயிறும் உண்டு. ஆட்டம் தொடங்குமுன் எல்லாரிடமும் வெளிப்படையாகக் கேளுங்கள்: உங்களுக்குப் பிரியமான ஒன்றை இந்த வாள் எடுத்துக்கொள்ளலாமா? வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அவர் பக்கம் வாள் போகாது. சரி என்றவர்கள் ஒரு பெயரை எழுதித் தரட்டும். தங்கை, குதிரை, குரு, யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். ஏந்துபவனின் பகடையில் ஒன்று விழும்போது வாள் அந்தச் சீட்டுகளில் ஒன்றின் பக்கம் திரும்பும்.

வாளின் குரலை நீங்கள் பேசாதீர்கள். டன்ஜன் மாஸ்டர் பேசினால் அது இன்னொரு அரக்கனாகிவிடும். ஏந்துபவனுக்குப் பக்கத்தில் உட்காருபவரிடம் கொடுங்கள். அவர் காதோரமாக முனகட்டும், கெஞ்சட்டும், “இன்னும் ஒருத்தன்” என்று நச்சரிக்கட்டும். நண்பனின் குரலில் கேட்டால் மறுப்பது கஷ்டம்.

ஆடிவிட்டு எழுதுங்கள். எத்தனை பேரை வெட்டியது என்ற கணக்கு எனக்கு வேண்டாம். சீட்டில் யார் யார் என்ன பெயர் எழுதினார்கள், யார் எழுத மறுத்தார்கள், அதைச் சொல்லுங்கள்.