வண்டியை ஏன் சார் திட்டறீங்க?

கேள்வி: 'ஸ்பேஸ் 1999' சீரியலை இப்பதான் சார் பாத்தேன். அணுக்கழிவு வெடிச்சு நிலாவே பூமிய விட்டு ஓடிப்போகுதாம்! இந்தக் கூத்துல வர்ற ஈகிள் விண்கலத்துக்கு இன்னும் ரசிகர்கள் இருக்காங்களாமே, ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்கு எதுக்கு சார் இவ்ளோ பில்டப்?

பதில்: நிலா மேட்டர்ல நீங்க சொல்றது சரி, உங்களைவிட நானே ஜாஸ்தி திட்டுவேன். பூமியோட பிடியிலருந்து நிலாவைப் பிச்சு அனுப்பணும்னா சோவியத்காரன் 1961ல வெடிச்ச 50 மெகாடன் குண்டு மாதிரி சுமார் 18,000 கோடி குண்டு வேணும், அதுவும் சக்தி துளிகூட வீணாகாம. அவ்ளோ வெடிச்சா கதைல நிலாவுல கட்டியிருக்கற மூன்பேஸ் ஆல்ஃபாங்கற தளத்துல இருந்த 311 பேர் எங்க மிஞ்சறது, முதல் எபிசோடுலயே சுபம் போட்டுடலாம். அப்புறம் வாரத்துக்கு ஒரு கிரகம் வேற, பக்கத்து நட்சத்திரத்துக்கே ஒளி போய்ச்சேர நாலு வருஷத்துக்கு மேல ஆகுது, இவங்க என்னவோ டவுன்பஸ் ஸ்டாப்பிங் மாதிரி எறங்கி ஏறிட்டு இருப்பாங்க.

ஆனா கதைல ஓட்டைன்னா வண்டியையும் சேர்த்தா திட்டுறது? ஈகிளை பாஸ் பண்ணிப் பாருங்க. முன்னாடி பைலட் கேபின், பின்னாடி எஞ்சின், நாலு மூலைலயும் கால், நடுவுல கழட்டி மாட்டுற பெட்டி, ஆள் ஏத்தணுமா ஒரு பெட்டி, சரக்கா வேற பெட்டி, நம்ம கண்டெய்னர் லாரி கணக்கா. எல்லாத்தையும் கோர்க்கற கம்பிச் சட்டம் அப்படியே வெளிய தெரியும். காத்தே இல்லாத எடத்துல கூர் மூக்கும் றெக்கையும் எதுக்குன்னு டிசைன் பண்ண பிரையன் ஜான்சனுக்குப் புரிஞ்சிருக்கு, அப்போலோல நிஜமா எறக்குன வண்டியும் ஒரு கோணல்மாணல் பூச்சிதானே. (அதே ஈகிள் காத்து இருக்கற கிரகத்துலயும் ஜம்முனு எறங்கும், அதைக் கேக்காதீங்க.)

ஸ்டார் ட்ரெக் சீரியல்ல வர்ற என்டர்பிரைஸ் விண்கலம் அழகுதான், ஆனா அது தரையெறங்குறதைக் காட்ட பட்ஜெட் இல்லாமதான் ஆளை மினுமினுக்க வெச்சு அனுப்புற டிரான்ஸ்போர்ட்டரே வந்துச்சு. ஈகிள் எறங்கும். பொம்மைதான், பெரிய மாடலே 44 இஞ்ச். ஆனா ஸ்பீடா ஓடற கேமராவுல எடுத்து மெதுவா ஓட்டறப்ப அடியில தூசி பொங்கி, கால் லேசா அமுங்கி நிக்கும் பாருங்க, அந்த ஒரு செகண்டுல டன் கணக்கான வெயிட் தெரியும்.

ஷூட்டிங் ஆரம்பிச்சது 1973 கடைசில, நிலாவுலருந்து கடைசி மனுசன் கெளம்பி அப்பத்தான் ஒரு வருஷம். கதைப்படி நிலாவுல வெடிச்ச நாள் 1999 செப்டம்பர் 13. நிஜத்துல அன்னிக்கு அங்க ஒரு குடிசைகூட இல்ல. பொம்மைன்னீங்களே, நிஜ வண்டி ஓடியிருந்தா நான் ஏன் சார் பொம்மையைப் பாத்துகிட்டு உக்காந்திருக்கேன்?