காலேஜ் ஃபுட் பேன்ட்ரி பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ஸ்டூடன்ட்ஸுக்கு அரிசி, எண்ணெய், சோப்புன்னு இலவசமா குடுக்குற கேம்பஸ் ஃபுட் பேன்ட்ரில ஆறு வருஷமா வாலன்டியரா இருக்கேன். தயங்காம கேளுங்க.

கேள்வி: அக்கா, ரெண்டு வேளைக்கு சமாளிச்சிடறேன், மூணாவது வேளைதான் இழுபறி. என்னவிட கஷ்டப்படறவங்க இருக்கும்போது நான் போய் எடுக்கலாமா?

தாராளமா எடுக்கலாம்மா. ஒரு வேளை பட்டினி கிடக்கறதும் பட்டினிதான். நிறைய இடத்துல ஐடி கார்டு காட்டினா போதும், வருமான சர்டிபிகேட்லாம் கேக்கமாட்டாங்க. போன செமஸ்டர்ல ஒரு பையன் வாசல்லயே பத்து நிமிஷம் நின்னுட்டு உள்ள வந்து ஒரே ஒரு பிஸ்கட் பாக்கெட்ட எடுத்துட்டு கிளம்பிட்டான், பைய நீட்டி அரிசியும் காய்கறியும் எடுத்துக்கோடான்னா "மத்தவங்களுக்கு வேணுமேக்கா"ங்கறான். அன்னிக்கு சாயங்காலமே ஒரு கூடை கீரை வாடிப்போய் உரத்தொட்டிக்குப் போச்சு, எனக்கு மனசே ஆறல. அமெரிக்காவுல மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டில 1993லயே ஸ்டூடன்ட்ஸ் சேந்து ஸ்டூடன்ட்ஸுக்காக ஃபுட் பேங்க் ஆரம்பிச்சாங்க. பேன்ட்ரில இருக்குற அலமாரி உன்ன மாதிரி ஸ்டூடன்ட்ஸுக்காக வெச்சதுதான்.

கேள்வி: அங்க குடுக்குற பாக்கெட்ல தேதி முடிஞ்சிருக்கே, சாப்பிடலாமா?

எந்த தேதின்னு பாரு தம்பி. "பெஸ்ட் பிஃபோர்"னா ருசி, மொறுமொறுப்பு குறையலாம், பாக்கெட் நல்லா இருந்தா பெரும்பாலும் சாப்பிடலாம். "யூஸ் பை"னா அது பாதுகாப்புக்கான தேதி, அதத் தாண்டினா தொடாத. டின் உப்பியிருந்தாலோ கசிஞ்சாலோ ருசி கூட பாக்காம தூக்கிப்போட்டுடு. இன்னொன்னு, கேக்காமலே சொல்றேன், சோத்த ஆக்கி ராத்திரி பூரா வெளிய வெச்சுட்டு காலைல சூடு பண்ணி சாப்பிடாதீங்க, அதுல உருவாகுற ஒரு நஞ்சு சூடு பண்ணாலும் போகாது. ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜுல வெச்சிடணும்.

கேள்வி: பிஎச்டி பண்றேன், கைக்குழந்தை இருக்கு. எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

டயப்பர், பால் பவுடர் சில இடத்துல வெச்சிருப்பாங்க, ஆனா அலமாரில தெரியாது, உள்ள இருக்கும். வாய்விட்டு கேளுங்க.

கேள்வி: வாடகை கட்ட நாலு நாள்தான் இருக்கு, கையில காசு இல்ல. காலேஜ்ல அவசரத்துக்கு பணம் குடுக்குற எமர்ஜென்சி ஃபண்ட்னு சொல்றாங்களே?

இன்னிக்கே அப்ளை பண்ணு, நாளைக்குன்னு தள்ளாத. ஸ்டூடன்ட் வெல்ஃபேர் ஆபீஸ்ல கேளு. முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது அது கிராண்ட்டா லோனா, கிராண்ட்னா திருப்பித் தர வேணாம், லோன்னா எப்ப எவ்வளவு கட்டணும்னு படிச்சுப் பாத்துட்டு கையெழுத்துப் போடு. லெட்டர்ல கதை எழுத வேணாம், எவ்வளவு தேவை, எதுக்கு, எந்த தேதிக்குள்ள, வாடகை ரசீது, அவ்ளோதான். பணம் வர லேட்டாகும்னு தோணுச்சுன்னா வீட்டு ஓனர்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடு.

கேள்வி: ஃப்ரெண்ட்ஸ் பாத்துடுவாங்கன்னு கூச்சமா இருக்கு அக்கா.

புரியுதும்மா. சில பேன்ட்ரில ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டு லாக்கர்ல எடுத்துக்கலாம், உங்க கேம்பஸ்ல இருக்கான்னு விசாரி. இல்லன்னா கூட்டம் கம்மியா இருக்குற நேரம் எதுன்னு அங்க கேளு, சொல்வாங்க.

கேள்வி: முன்னாடியே காசு கட்டின எங்க மெஸ் பிளான்ல சில வேளை சாப்பிடாமலே மிச்சமாகுது, அத வேற யாருக்காவது குடுக்க முடியுமா?

முடியும். "ஸ்வைப் அவுட் ஹங்கர்"னு 2010ல அமெரிக்காவுல யுசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்குற கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி) ஸ்டூடன்ட்ஸ் ஆரம்பிச்சது இதுக்குத்தான், காசு கட்டியும் சாப்பிடாம மிச்சமான வேளைக் கணக்க தேவைப்படறவங்களுக்கு மாத்தி விடறது. உங்க மெஸ் ஆபீஸ்ல இந்த ஏற்பாடு இல்லன்னா பத்து பேர் சேந்து போய் கேளுங்க. செமஸ்டர் முடியறதுக்கு முன்னாடியே கேளுங்க, முடிஞ்சுட்டா மிச்சம் பூரா வீணாப் போயிடும்.