மாற்றுச் சான்றிதழ் வாங்குவதற்கு முன்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது, தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். தினமும் காலையில் வயிற்றுவலி என்று அழுகிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி வருவதில்லை. பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்று யோசிக்கிறேன். நான் பி.எஸ்சி. படித்துவிட்டு வீட்டில் இருப்பவள். கணவருக்கு அரைமனம். மாமியாரோ 'ஊர் சிரிக்கும்' என்கிறார். சட்டம் இதற்கு இடம் தருகிறதா? எப்படித் தொடங்குவது? பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு என்ன வழி?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஞாயிற்றுக்கிழமை வலி வருவதில்லை என்ற உங்கள் வரியை இரண்டு முறை படித்தேன். ஒரு முறை குழந்தைகள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதன் பிறகு, வீட்டுக் கல்வியைப் பற்றி யோசிப்பதற்கு முன், பையன் எதற்கு அஞ்சுகிறான் என்று கண்டுபிடியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு சிறுவன், பள்ளிக் கழிப்பறைக்குப் போக அருவருத்து, நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்தான். அது தெரிய வருவதற்குள் அவனுடைய பெற்றோர் மூன்று டியூஷன் மாற்றிவிட்டார்கள். காரணம் ஓர் ஆசிரியரோ, வேனில் பக்கத்தில் உட்காரும் பையனோ என்றால், வகுப்பையோ பள்ளியையோ மாற்றினாலே போதும். வீட்டுக் கல்வி என்பது பல ஆண்டுகளுக்கு உங்கள் பகல்பொழுதைக் கேட்கும் ஏற்பாடு. ஒரு வேன் பிரச்சினைக்காக அதில் இறங்க வேண்டாம்.

விசாரித்த பிறகும் உங்கள் எண்ணம் மாறவில்லை என்றால், முதலில் சட்டம். 2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் பத்தாம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தக் கடமையைச் செய்யாத பெற்றோருக்கு அச்சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. வீட்டுக் கல்வியை அது பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. இந்த இடைவெளியில்தான் நம் நாட்டில் வீட்டில் படிக்கும் பிள்ளைகள் படிக்கிறார்கள். உங்களுக்குத் தெம்பு தரும் விஷயமும் இதே சட்டத்தில் உண்டு: இடையில் நின்ற பிள்ளையை அவன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள நான்காம் பிரிவு வழி செய்கிறது. ஆகவே இரண்டு ஆண்டுகள் கழித்து உங்களால் முடியவில்லை என்றால் பள்ளிக்குத் திரும்பலாம். ஒரு கணக்கை மட்டும் கணவரோடு உட்கார்ந்து இப்போதே போட்டுவிடுங்கள். மருத்துவம் போன்ற படிப்புகளில் தமிழக அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. அரசுப் பள்ளி என்ற எண்ணம் மனதின் ஓரத்தில் இருந்தால், ஆறாம் வகுப்பைத் தாண்டவிட்டு யோசிக்கக் கூடாது.

எப்படித் தொடங்குவது என்று கேட்டீர்கள். நான் தொடங்கிய விதத்தில் தொடங்காதீர்கள். என் மகளை நிறுத்திய முதல் வாரமே கரும்பலகை வாங்கிச் சுவரில் மாட்டி, ஒன்பது மணிக்குத் தமிழ், பத்து மணிக்குக் கணக்கு என்று அட்டவணை ஒட்டினேன். மூன்றாவது வாரம் அவளும் அழுதாள், நானும் அழுதேன். எந்தப் பள்ளியிலிருந்து அவளை மீட்டதாக நினைத்தேனோ அதையே கூடத்தில் திறந்து வைத்திருந்தேன், தலைமையாசிரியை நான்! முதல் இரண்டு மூன்று மாதங்கள் பையனைச் சும்மா விடுங்கள். சும்மா என்றால் கைப்பேசியோடு அல்ல. அவன் தானாக எதை எடுக்கிறான், எதில் அரை மணி நேரம் ஊன்றுகிறான் என்று பார்த்து, இரவில் ஒரு நோட்டில் நான்கு வரி எழுதி வையுங்கள். பின்னாளில் பாடத்திட்டம் வகுக்க உங்களுக்கு அந்த நோட்டுதான் உதவும்.

அதன் பிறகும் எட்டு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து படிப்பதே தாராளம். நாற்பது பேர் வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் தனியாகக் கிடைப்பது ஓரிரு நிமிடம்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மற்றது வீட்டிலேயே இருக்கிறது. எங்கள் வீட்டில் கழித்தல் கணக்கு மின் மீட்டரில் நடந்தது. ஸ்டூல் மேல் ஏறி என் மகள் 14,655 என்று எழுதிக்கொண்டு வந்தாள். முந்தைய கணக்கு 14,382. கடன் வாங்கிக் கழித்தால் 273 யூனிட். அதில் அரசு இலவசமாகத் தரும் 100 போக 173. 'போன தடவை இவ்வளவு இல்லையே' என்று அவளே கேட்டு, அதன் பிறகு ஒரு மாதம் ஆள் இல்லாத அறையில் மின்விசிறி சுற்றினால் எங்களைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

சான்றிதழுக்கு இரண்டு வழிகளைச் சொல்கிறேன். பலரும் தேர்ந்தெடுப்பது தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ். பதினான்கு வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். எட்டாம் வகுப்புச் சான்று இல்லாவிட்டால் படிக்கும் திறன் உண்டு என்ற உறுதிமொழி போதும். ஐந்து பாடங்களில் தேற வேண்டும், தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு; ஐந்தாண்டுக்குள் பாடம் பாடமாக எழுதி முடிக்கலாம். இன்னொரு வழி, மாநில அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை 12½ வயதுக்குப் பிறகு எழுதி, அங்கிருந்து பத்தாம் வகுப்புக்குத் தனித்தேர்வராகப் போவது. அதில் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மறந்துவிட்டுத் தவிப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

மாமியாரிடம் வாதாடாதீர்கள். பையனுக்கு மாலையில் அரை மணி நேரம் பல்லாங்குழி ஆடக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை அவரிடம் விடுங்கள்; கணக்கு தானாக வரும், அவருக்கும் இதில் பங்கு உண்டாகும். எனக்குக் கவலை அவரைப் பற்றியல்ல, உங்களைப் பற்றித்தான். பகல் முழுவதும் ஒரு பிள்ளையோடு தனியாக இருப்பது அலுப்பு. வாரத்தில் இரண்டு அரைநாள் கணவரோ வேறு யாரோ அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அவனுக்கும் மாலையில் தெருப் பிள்ளைகளோடு விளையாட்டு, வாரம் ஒருமுறை நீச்சலோ சிலம்பமோ என்று வேறு முகங்கள் தேவை.

இந்த மே விடுமுறையை வெள்ளோட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் பிறக்கும்போதும் இருவருக்கும் இதில் விருப்பம் இருந்தால், மாற்றுச் சான்றிதழுக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். கோபத்தில் போய்க் கேட்க வேண்டாம். பிறகு அதே பள்ளியின் படியேற வேண்டி வரலாம். கையில் வாங்கியதும் பெயரின் எழுத்துகள், பிறந்த தேதி, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்) மூன்றையும் அங்கேயே நின்று சரிபாருங்கள். பெயரும் பிறந்த தேதியும் பிறப்புச் சான்றில் இருப்பது போலவே இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அன்றே திருத்தி வாங்குங்கள்.